பச்சை வாசல்

மனிதன் குகையை விட்டு வெளியே வந்த நாள்தொட்டு எடுத்த முடிவுகளிலெல்லாம் தலையாயது, தண்ணீரைப் பீய்ச்சியடித்துத் தரை கழுவும் பிரஷர் வாஷரை பேட்டரியில் ஓட்டுவதா, கரண்டில் ஓட்டுவதா, பெட்ரோலில் ஓட்டுவதா என்பதுதான்.

அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆர்லன் டோலஃப்சன் அப்படித்தான் நம்பினார்.

அவர் வாசலில் பாசி பிடித்திருந்தது.

நவம்பரில் வான்கோழி விருந்துக்கு வந்த மைத்துனன் கிரெக், காரிலிருந்து இறங்கியதும் சிமெண்டுத் தளத்தை பூட்ஸால் தேய்த்துப் பார்த்தான். "பரவால்லையே மச்சான், விதைக்காமலே புல்லு வளத்திருக்கீங்க" என்றான். அன்று ஆர்லனுக்கு வான்கோழி இறங்கவில்லை.

இன்று மகள் கிர்ஸ்டன் பள்ளிப் படிப்பை முடித்ததற்கு விருந்து. ஊர் வழக்கப்படி, கார் நிறுத்தும் கராஜில்தான் மேசை போட்டிருக்கிறது. இரண்டு மணிக்கு வருகிற அத்தனை பேரும் அந்தத் தளத்தை மிதித்துக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும். கிரெக்கும்தான்.

ஆர்லன் எதையும் முறையாகச் செய்கிறவர். அக்டோபரில் முதல் பனிக்கு முன்பே நிலவறைக்கு இறங்கி, வெளிக்குழாய்க்குப் போகும் வால்வை அடைத்துவிடுவார். அடைக்க மறந்து, தண்ணீர் உறைந்து குழாய் வெடித்த வீட்டுக்காரர்களுக்காக மனமார வருந்துவார். அப்படிப்பட்டவர் ஒரு இயந்திரத்தை அவசரப்பட்டு வாங்கிவிடுவாரா?

குளிர்காலம் முழுக்க ஆராய்ந்தார். தேவாலயத்தில் காப்பி வேளையில் அதைப் பற்றியே பேசினார். பல் மருத்துவரிடம், வாய்க்குள் கருவி இருக்கும்போதே பேசினார். சாப்பாட்டு மேசையில் மனைவி ரோண்டா ஏதாவது சொல்ல வாயெடுத்தால், அதற்குள் அவர் பேட்டரியின் ஆயுளுக்கு வந்திருப்பார்.

கடைசியில் பேட்டரியே வென்றது. இழுத்து இழுத்துத் தோள் கழலக் கயிறு கிடையாது, இடறி விழ ஒயர் கிடையாது, புகை கிடையாது.

அரங்கேற்றம் பார்க்கப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் வந்து நின்றார்கள். ட்வெய்ன் பெட்ரோல் கட்சி. கர்ட் கரண்டு கட்சி. இருவர் கையும் பேன்ட் பாக்கெட்டில் இருந்தது.

ஆர்லன் ஓஸ் பைப்பை மாட்டினார். குழாயைத் திருகினார். கண்ணுக்குக் கவசம் போட்டுக்கொண்டு விசையை அழுத்தினார்.

இயந்திரம் இரண்டு தடவை துப்பியது. பிறகு வெறுமனே உறுமியது.

"ஞானஸ்நானத்துக்கு இது தாராளம்ப்பா" என்றார் ட்வெய்ன்.

"குழாயத் தொறந்தியா?" என்றார் கர்ட்.

"கர்ட், நான் இந்த ஊர்லயே பொறந்தவன்" என்றார் ஆர்லன், மனம் புண்பட்டு.

காலைக் குளிரில் பேட்டரி சுருண்டிருக்கும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, கர்ட் தன்னுடையதைக் கொண்டுவந்து மாட்டினார். அதுவும் உறுமியதே தவிர ஒரு சொட்டு விடவில்லை.

"ஒயர் நீளம் ஜாஸ்தி" என்றார் ட்வெய்ன். "கரண்டு பாவம், வர்ற வழியிலேயே களைச்சுப் போயிருக்கும்."

அடுத்து அவருடைய பெட்ரோல் இயந்திரம், தேர்போல உருண்டு வந்தது. கயிறு இழுத்த இழுப்பில் தெருவிலிருந்த குருவிகள் அடுத்த மாவட்டத்துக்குப் பறந்தன. முனையிலிருந்து காற்று வந்தது.

"போன வருஷத்துப் பெட்ரோலு. ஊசிப்போயிருக்கும்" என்றார் ஆர்லன். அன்று காலையிலிருந்து அவர் முகத்தில் வந்த முதல் மலர்ச்சி அது.

மூன்று கட்சியும் டெபாசிட் இழந்து நின்ற அந்த வேளையில், ரோண்டா சமையலறையிலிருந்து ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். படியோரத்துப் பூந்தொட்டிகளுக்கு ஒவ்வொன்றாக ஊற்றினாள். மூன்று ஆண்களைப் பார்த்தாள். மூன்று இயந்திரங்களைப் பார்த்தாள்.

"மணி பன்னெண்டரை" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பாவம், அவளுக்கு ஓஸ் பைப்பின்மேல்கூட நம்பிக்கை கிடையாது என்று ஆர்லன் எண்ணிக்கொண்டார். ஒரு மாதமாக அந்த வாளியைத்தான் சுமக்கிறாள்.

எண்ணி முடிப்பதற்குள் அவர் காதுமடல்கள் சிவந்தன.

"பேட்டரி கொஞ்சம் இளைப்பாறட்டும். நான் போய்க் காப்பி கொண்டுவர்றேன்."

திரும்பி வந்தபோது அவர் கையில் காப்பி இல்லை. சட்டைத் தோளில் கொஞ்சம் ஒட்டடை இருந்தது. நிதானமாகக் கவசத்தை மாட்டிக்கொண்டு விசையை அழுத்தினார்.

பாசி சிதறி ஓடியது. சலவைக்குப் போய்வந்த வேட்டியைப் பிரித்தாற்போல் தளம் வெள்ளையாக விரிந்துகொண்டே போனது.

ட்வெய்ன் தளத்தை ஒரு விரலால் தடவிப் பார்த்தார். "மோசமில்ல" என்றார். அந்த ஊரில் அதற்குமேல் ஒரு பாராட்டு கிடையாது.

இரண்டு மணிக்கு கிரெக் வந்தான். காரிலிருந்து இறங்கி, குனிந்து பார்த்தான். நேரே கராஜுக்குப் போய், வாய் நிறையப் பன்றியிறைச்சி பன்னைத் திணித்துக்கொண்டான். கர்ட் மெல்ல வந்து, எந்தக் கடையில் வாங்கினாய் என்று ஆர்லனிடம் கேட்டார். ட்வெய்ன் தன்னுடைய இயந்திரத்தை வீட்டுக்கு உருட்டிப் போகாமல், விலைக்கு என்று அட்டை எழுதித் தெருவோரமாகவே நிறுத்திவிட்டார்.

"பேட்டரிக்கு எப்ப ஓய்வு குடுக்கணும்னு தெரிஞ்சிருக்கணும். அதுதான் சூட்சுமம்" என்று ஆர்லன் விருந்து முடியும்வரை வந்தவர்களுக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தார். ரோண்டா ஊறுகாய்த் தட்டோடு அவர் பின்னால் நின்றிருந்தாள்.

அக்டோபரில் அடைத்த வால்வு, அன்று மதியம்வரை அடைத்தபடியேதான் இருந்தது. வெளிக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ரோண்டா ஏப்ரலில் ஒருமுறையும் மே மாதத்தில் ஒருமுறையும் அவரிடம் சொல்லியிருந்தாள். இரண்டு முறையும் அவர் பேட்டரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.