குதிகால் வெளிச்சம்

“போன வருஷம் மன்சூராவுல கரண்ட் போனப்ப, பாதி ஊருக்கு வெளிச்சம் குடுத்தது என் குதிகால்தான்!”

மெத்வல்லி மேசையில் ஓங்கி அறைந்தார். தேநீர்க் குவளைகள் ஒரு சாண் துள்ளி, உட்கார்ந்தன.

ஃபிக்ரிக்குச் சிரிப்பு வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே இருந்த காபிக்கடையில், கட்டுப் போட்ட காலை இன்னொரு நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சர்க்கரையில் மரத்துப்போன பாதம். ரொட்டி அடுப்பிலிருந்து தெறித்த நெருப்புத் துண்டை மிதித்ததுகூடத் தெரியவில்லை. புண் மட்டும் ஆறாமல் நின்றுவிட்டது. கால் இருக்குமா, போகுமா என்று நாளைக் காலையில் பெரிய சர்ஜன் வந்து பார்த்துச் சொல்வாராம்.

“ஹாஜியாரே, நீங்க பஸ் ஓட்டின காலத்துலயே பிரேக்கைத் தொட மாட்டீங்க. இப்ப வாயையும் அப்படியே பழக்கிட்டீங்க.”

பக்கத்து மேசையில் தனியாக உட்கார்ந்திருந்த ஆசாமி மூக்கால் சிரித்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. தேநீரை ஒரு வாய் உறிஞ்சினால் போதும், கைக்குட்டையை எடுத்து மூக்குக்குக் கீழே இடமும் வலமும் ஒற்றிக்கொள்வார். படித்தவர் ஏளனம் செய்தால்கூட எவ்வளவு சுத்தமாகச் செய்கிறார் என்று ஃபிக்ரிக்கு அவரைப் பிடித்துப்போனது.

“நம்பாட்டிப் போ. எனக்கும் இதே புண்ணுதான். ஒரு எலுமிச்சம்பழத்தை வெச்சா உள்ள போய் உக்காரும். இதே ஆஸ்பத்திரி மாடியில, பிசியோதெரபி டாக்டரம்மா நக்லா இருக்காங்கல்ல? உப்புத் தண்ணியில நனைச்ச துணியைப் புண்ணுல வெச்சாங்க. அதுமேல ஒரு பட்டை, கெண்டைக்கால்ல ஒரு பட்டை, நடுவுல ஒயரு. சுவிட்சைப் போட்டா எறும்பு ஊர்ற மாதிரி கரண்ட்டு. அந்த எறும்பெல்லாம் சேர்ந்து புண்ணைத் தச்சுப்புடுச்சுய்யா!”

“கரண்ட்டுல புண்ணு ஆறும்னா, கரண்ட் கம்பியில உக்கார்ற காக்காவுக்கெல்லாம் சாவே வராதே.”

பக்கத்து மேசை மறுபடியும் மூக்கால் சிரித்தது.

“சரி, நீ புண்ணுல என்ன வெச்சே?”

“காபித்தூள்தான். ஊர்ல எல்லாரும் வெக்கிறதுதானே.”

“காபியைக் குடுத்தா புண்ணு எப்படிய்யா கண்ணை மூடும்? முழிச்சிக்கிட்டேதான் கெடக்கும்! நக்லாம்மா என்னையும் அப்படித்தான் திட்டினாங்க. கழுவி, செத்த தோலைச் சீவி எடுத்து, காலைக் கீழ ஊன மாட்டேன்னு சத்தியம் வாங்கினப்புறம்தான் ஒயரையே தொட்டாங்க. ஒரே வாரம்! புண்ணு மூடிப்போச்சு!”

“ஒரு குளிர்காலம் பூரா ஆச்சு,” என்றார் பக்கத்து மேசைக்காரர், தேநீரைப் பார்த்தபடியே.

“ஏன் பாஷா, பெரிய துரையே, கூடவே உக்காந்து பாத்தீங்களோ?” என்று மெத்வல்லி சீறினார். அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

மெத்வல்லி செருப்பைக் கழற்றிக் குதிகாலை மேசைக்கு மேலேயே தூக்கிவிட்டார். பளபளவென்று ஒரு தழும்பு.

“முள்ளு குத்தினாலும் இப்படித்தான் இருக்கும்,” என்றார் ஃபிக்ரி. “சாட்சி யாரு?”

“அந்தப் பெரிய சர்ஜனே சாட்சி! காலைக் கண்டா கத்தரிக்காய் மாதிரி நறுக்குற ஆளு. ‘அந்தப் பொம்பளையோட பேட்டரி விளையாட்டுல இந்தக் கால் பொழைச்சா, என் மீசையை எடுத்துடறேன்’னு வார்டு நடுவுல நின்னு சத்தியம் பண்ணான். மீசைன்னா உன் மீசை என் மீசை இல்லய்யா. அந்தப் பக்கம் ஒரு புறா, இந்தப் பக்கம் ஒரு புறா கூடு கட்டலாம். அதுக்குப் பின்னால மூஞ்சி இருக்குதான்னே யாருக்கும் தெரியாது!”

“எடுத்தாரா?”

“எங்க எடுத்தான்! என் கால் ஆறினதும் லீவு போட்டுட்டு ஓடிட்டான். நாளைக்குத்தான் திரும்பி வர்றான், உன் காலுக்கு. கசாப்புக் கடைக்காரனுக்காவது வாக்குன்னு ஒண்ணு இருக்கும். இவனுக்கு வாக்கைவிட மீசை பெருசு!”

பக்கத்து மேசையில் குவளை ‘ணங்’கென்று தட்டில் இறங்கியது.

“அப்ப எல்லாமே புளுகு,” என்றார் ஃபிக்ரி. துப்பாத குறைதான். “ஊரறியச் சத்தியம் பண்ண ஆம்பளையோட மீசை முகத்துலயே இருக்குன்னா, உங்க புண்ணு ஆறவே இல்லைன்னு அர்த்தம். அந்த மீசை மட்டும் போயிருந்தா, இப்பவே நக்லாம்மாகிட்ட போயிக் காலை நீட்டியிருப்பேன். போகலையே! நாளைக்குக் கத்திக்கே நீட்டிட்டுப் போறேன்.”

மெத்வல்லி குதிகாலை மேசையிலிருந்து இறக்கிச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்தார். ஃபிக்ரியின் கட்டைக் குனிந்து பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார்.

“குதிகால் விளக்கா எரிஞ்சது பொய். ஒரு வாரம்கிறது அதைவிடப் பெரிய பொய்,” என்றார், ஏளனம் இம்மியும் குறையாமல். “ஆனா மாடிக்குப் போங்க. முதல்ல இந்தக் காபித்தூளைக் கழுவணும். நொண்டிக்கிட்டுப் போகாதீங்க, சக்கர நாற்காலி கேளுங்க.”

“நடக்காத கதையை நம்பி நான் ஏன் பாஷா போகணும்?”

அவர் கைக்குட்டையை எடுத்து மூக்குக்குக் கீழே இடமும் வலமும் ஒற்றிக்கொண்டார். ஒற்ற அங்கே ஒன்றுமில்லை.

“நடந்துச்சுங்க. போனது என் மீசை.”