ஆணி இருந்த இடம்

என் வீட்டுச் சுவர்ப் பல்லி சொன்ன இந்தக் கதையைப் பல வருடங்களாகச் சந்தேகித்து வருகிறேன்.

அறுநூறு வருடங்களுக்கு முன் இத்தாலியில் ஒரு பலகை ஓவியத்தின் பின்னால் பல்லியின் முன்னோர் ஒருவர் குடியிருந்தாராம். ஓவியத்தில் ஒரு புனிதர். அவர் தலையைச் சுற்றித் தங்கத் தகட்டில் ஒளிவட்டம். வருகிறவர்கள் எல்லாரும் தன்னைத்தான் பார்ப்பார்கள் என்று தங்கம் நிம்மதியாக இருந்தது.

ஒருநாள் ஓவியர் பலகையின் நடுவில் ஓர் ஆணியை அடித்தார். அதில் நூலைக் கட்டி இழுத்து, புனிதருக்குப் பின்னால் தூண்களும் தரைக்கற்களும் அந்த ஆணியை நோக்கிச் சிறுத்துக்கொண்டே போகும்படி வரைந்தார்.

"துருப்பிடித்த பயலே, உனக்கு இங்கே என்ன வேலை?" என்றது தங்கம்.

"நூலைப் பிடித்துக்கொள்கிற வேலைதான் அண்ணே. முடிந்ததும் போய்விடுவேன்" என்றது ஆணி.

வேலை முடியும் முன்பே பார்க்க வந்தவர்கள், "அடேயப்பா, பலகைக்குள்ளே தெருவே போகுதே!" என்று ஆணி இருந்த இடத்தையே பார்த்து நின்றார்கள். தங்கம் வெந்து போனது.

"நான் இருக்கும்போது ஓர் இரும்புத் துண்டையா பார்ப்பார்கள்? உன்னைப் பிடுங்கி எறியட்டும், அப்புறம் பார்!"

ஓவியர் ஆணியைப் பிடுங்கி, ஓட்டையை அடைத்து, அதன்மேல் நீல வானம் தீட்டினார். மறுநாள் வந்தவர்களின் கண்களும் தூண் தூணாக ஓடி, ஒன்றுமே இல்லாத அந்த வானத்தில் போய் நின்றன.

"ஆணி இருந்தபோதாவது திட்டுவதற்கு ஓர் ஆள் இருந்தான்" என்று தங்கம் புலம்பியதாம். கடைசி வரை தன்னை ஒருவரும் பார்க்கவில்லை என்றே சொன்னதாம்.

நேற்று பல்லியிடம் கேட்டே விட்டேன்: "கும்பிட வந்தவர்கள் புனிதரின் முகத்தைப் பார்க்காமலா போயிருப்பார்கள்? முகத்தைச் சுற்றித்தானே தங்கம் இருந்தது? அப்போதெல்லாம் தங்கம் எங்கே பார்த்துக்கொண்டிருந்தது?"