தலைவலி நோட்டு

டாக்டர் ரெபேக்கா நோட்டைப் புரட்டினார். கணவன் யஷ்வந்த் என்ன சாப்பிட்டான், எவ்வளவு தண்ணீர் குடித்தான், எப்போது தலை வலித்தது என்று எதிரே உட்கார்ந்திருந்த பூஜிதா ஒரு மாதமாக எழுதிய நோட்டு.

“சாப்பாடு, தண்ணி, தூக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா வலி புதனும் சனியும் மட்டும் வருதே. அன்னைக்கு என்ன செய்வார்?”

“எண்ணெய் தேச்சுக் குளிப்பாருங்க. சூட்டுத் தலைவலிதானுங்களே, அதனால ரெண்டு நாளும் உடறதே இல்லீங்க.”

“சுடுதண்ணியா?”

“ஆமாங்க. பாத்ரூமுக்குள்ளயே புதுசா கேஸ் கீசர் மாட்டியிருக்கோம். சளி புடிக்கும்னு ஜன்னலை நான்தானுங்க அட்டை வெச்சு அடைச்சுப்போட்டேன்.”

ரெபேக்கா எழுந்துவிட்டார். “கீசர் எரியறப்ப வர்ற விஷக்காத்தாலதாம்மா தலைவலி. அடைச்ச ரூம்ல அது ஆளையே கொன்னுடும். உடனே அவருக்கு போன் போடுங்க!”

பூஜிதா போட்ட போன் முழுவதும் அடித்து ஓய்ந்தது.

“எடுக்கலீங்க. இன்னைக்கு சனிக்கிழமைங்களே... நான் கிளம்பறப்பதான் குளிக்கப் போனாருங்க.”

“எப்பக் கிளம்புனீங்க?”

பூஜிதா மறுபடியும் அதே எண்ணை அழுத்தினாள்.

“காங்கேயத்துல இருந்து வாரேனுங்க. பஸ்ஸுல ரெண்டு மணி நேரமாச்சுங்க.”