கூடத்துப் பாறை

"மாடுலர் கிச்சன் இருக்கட்டும் அண்ணே. அடியில என்ன இருக்கு?" என்றார் வாத்தியார்.

வீட்டுத் தரகருக்கு மயக்கமே வந்தது. இடுப்பில் எப்போதும் சாவிகள் கலகலத்துக்கொண்டிருப்பதால் ஊருக்கே அவர் சாவிக்கொத்து.

அடியில் இன்னொரு குடித்தனமா இருக்கும்? மண்தான் இருக்கும்.

வாத்தியார் கல்லூரியில் நிலவியல் பாடம் எடுக்க வந்தவர். வீடு பார்க்கப் போனால் குழாயைத் திறக்க மாட்டார், ஃபேனைச் சுற்றவிட மாட்டார். நேரே கொல்லைக்குப் போய்க் கிணற்றை எட்டிப் பார்ப்பார்.

அவர் மனைவி அதுகூட இல்லை. வாசலோடு சரி. உள்ளே காலெடுத்து வைத்ததே கிடையாது.

ராங்கி என்று முடிவு கட்டியிருந்தார் சாவிக்கொத்து. லாட்ஜில் ரூம் எடுத்துவிட்டு ராத்திரி காரில் போய்ப் படுக்கிறார்களாம். கிறுக்கும்கூட.

ஆனால் ஒன்று, கிரேட்டான் என்ற வார்த்தை அந்தக் கிணற்றடிகளில்தான் அவருக்குக் கிடைத்தது.

கண்டங்களின் ஆதிப் பாறை அது. வயது கோடிக்கணக்கில் இல்லை, நூறு கோடிக்கணக்கில். ஓரங்களில் நிலங்கள் முட்டிக்கொள்ளும், மலை எழும்பும், எரிமலை கக்கும். நடுவில் இது மட்டும், கல்யாண வீட்டுச் சண்டையில் காது கேட்காத பெரியப்பா மாதிரி, பேசாமல் உட்கார்ந்திருக்கும்.

சாவிக்கொத்துக்கு வார்த்தை பிடித்துப்போய்விட்டது.

மறுநாளே வேறொரு பார்ட்டியிடம், லிஃப்ட் உண்டு, பார்க்கிங் உண்டு, கிரேட்டான் வசதியும் உண்டு என்று அளந்தார். அதற்குக் கரண்ட் பில் தனியா என்று கேட்டார்கள்.

வாத்தியாரிடம் அந்தப் பருப்பு வேகவில்லை. ஊரே கிரேட்டான் மேல்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் காட்டும் வீடெல்லாம் குளத்தைத் தூர்த்த மண் மேலல்லவா நிற்கிறது என்றார்.

"இன்னைக்கும் அமையலேன்னா, வேலையே வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டுக் கிளம்பிடுவோம்."

சொல்லும்போது அவர் சாவிக்கொத்தைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற மனைவியைப் பார்த்தார்.

தன்னிடம் வந்த பார்ட்டி வீடில்லாமல் திரும்புவதா? சாவிக்கொத்துக்கு ரோஷம் வந்தது. மானம் போனாலும் போகட்டும் என்று, யாருக்கும் காட்டாத வீட்டைத் திறந்தார்.

கூடத்தின் நடுவே, யானை முதுகு மாதிரி ஒரு பாறை.

உளியும் கடப்பாரையும் தோற்றுப்போனதில், வீட்டுக்காரர் அதைச் சுற்றியே சுவரெழுப்பிவிட்டார். சோபா போட இடமில்லை. பார்க்க வந்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுப் போனதுதான் மிச்சம்.

"மேல ஒரு விரிப்பு போட்டுட்டா தெரியவே தெரியாது சார்" என்று முந்திக்கொண்டார் சாவிக்கொத்து.

வாத்தியார் கேட்டால்தானே? மண்டியிட்டுப் பாறையைத் தடவினார். தரையோடு அது சேரும் இடத்தைக் குனிந்து பார்த்தார். எழுந்து, கிரேட்டானேதான் என்று மனைவியிடம் சொல்ல வாசலுக்கு ஓடினார்.

அந்தம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உள்ளே வந்தார்.

பாறை மேல் உள்ளங்கையை வைத்தார். ஏதோ வருமென்று காத்திருப்பவர் மாதிரி வைத்தபடியே இருந்தார். மெல்ல உட்கார்ந்து, அதன் மேலேயே கன்னத்தைச் சாய்த்துக்கொண்டார்.

மீன் மாட்டிவிட்டது! தண்ணீர் கஷ்டம் கிடையாது, மாடியில் காற்று பிய்த்துக்கொண்டு போகும் என்று சாவிக்கொத்து ஆரம்பித்தார்.

வாத்தியார் உதட்டில் விரலை வைத்தார்.

அந்தம்மா தூங்கிப்போயிருந்தார்.

"முன்னே இருந்த ஊர்ல பூமி ஆடுனப்ப எங்க வீடு எங்க மேலேயே விழுந்துச்சு அண்ணே," என்றார் வாத்தியார், காற்றுக்கும் கேட்காத குரலில். "அதுக்கப்புறம் நாலு சுவத்துக்குள்ள இவ கண்ண மூடுறது இப்பத்தான்."

அந்தம்மா முகத்தில் வெயில் அடிக்கிறதே என்று கதவைச் சாத்தப் போன சாவிக்கொத்து, அதை விரியத் திறந்தார். காற்றில் அடித்துக்கொள்ளாமல் பிடித்தபடி நின்றார்.