கைக்குச் சேராத மணிக்கூடு

"இது பொம்பிளைப் பிள்ளையின்ர கையோ, பொலிஸ்காரன்ர கையோ?" என்று றஞ்சனி ரீச்சர் வாய்க்குள் முணுமுணுத்தார்.

வட்டக்கச்சிப் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சை தொடங்கி அன்று ஒன்பதாம் நாள். மண்டபப் பொறுப்பு றஞ்சனிக்கு. கிளிநொச்சியிலிருந்து மார்கழி மழைக்குள் தினமும் சைக்கிள் உழக்கி வந்ததில் முழங்கால் இரண்டும் கழன்று விழாத குறை. அந்த அலுப்பில் எதைப் பார்த்தாலும் எரிச்சல் வந்தது. இன்றைக்கு எரிச்சல் போய் நின்ற இடம் நேசமலரின் மணிக்கட்டு.

நேசமலர் அங்கே தொண்டர் ஆசிரியை. மண்டபத்தில் காவலுக்கு நிற்பவள். ஈர்க்கு மாதிரிக் கை. அதில் ஜாம் போத்தல் மூடி அளவில் ஓர் ஆம்பிளை மணிக்கூடு. வெள்ளை முகம், கறுத்தக் கொழுத்த எண்கள்.

மணிக்கூடு விஷயத்தில் றஞ்சனிக்குத் தீர்மானமான கொள்கை உண்டு. பெண்ணின் கைக்கு ஐந்து சதக் குத்திக்காசு அளவுக்கு மேல் கூடாது. அவருடைய தங்க நிற மணிக்கூடு, காப்போடு காப்பாக அடக்கமாகக் கிடக்கும். கலியாண வீடுகளில் அதைப் பற்றி விசாரிக்காத ஆளில்லை.

"ஏன் பிள்ளை, இதைவிடச் சின்னன் ஒண்டும் கிடைக்கேல்லையோ?"

"அண்ணாட்டை இரவல் வாங்கினது, ரீச்சர். சோதினை முடியக் குடுத்திடுவன்."

"இரவல் வாங்கியோ இந்தக் கோலம்? கையைவிட மணிக்கூடெல்லோ பெரிசாக் கிடக்கு. ஆக்கள் சிரிப்பினம்."

"சிரிச்சாச் சிரிக்கட்டும், ரீச்சர்."

சொல்லிவிட்டு வெற்றுத் தாள்களை அடுக்கப் போய்விட்டாள். கொழுப்பு, என்று நினைத்துக்கொண்டார் றஞ்சனி.

மண்டபச் சுவரில் ஓர் ஆணி மட்டும்தான் இருந்தது. அதில் தொங்குகிற மணிக்கூட்டைச் சோதனைக்கு முதல் நாள் கழற்றி வைப்பது அங்கே வழக்கம். அரசாங்கம் நாட்டின் நேரத்தை முன்னுக்குத் தள்ளியபோது வன்னி அதை ஏற்கவில்லை; இங்கே ஓடுவது பழைய நேரம். பரீட்சை நடப்பதோ கொழும்பின் புதிய நேரத்துக்கு. அது அரை மணித்தியாலம் முந்தியது. சுவரைப் பார்த்துப் பிள்ளைகள் குழம்பக் கூடாதென்றுதான் இந்த ஏற்பாடு. ரீச்சர்மார் இருவரும் தங்கள் மணிக்கூடுகளைப் புதிய நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்தார்கள்.

அன்று கணிதம். எட்டரைக்குத் தொடங்கிப் பதினொன்றரைக்கு முடிய வேண்டும்.

"ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது. அதென்ன, இதென்ன எண்டு என்னட்டக் கேள்வியும் கேக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டு றஞ்சனி கதிரையில் சாய்ந்தார்.

நேசமலர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கடைசி வரிசையிலிருந்து முன்னுக்கு மெல்ல நடந்து வந்தாள். வந்தவள் திரும்பவில்லை. பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெறும் கரும்பலகையைப் பார்த்தபடி இரண்டு நிமிடம் நின்றாள். பிறகு பின்னுக்குப் போய், மறுபடியும் அதே நடை, அதே நிற்பு.

காவலுக்கு நிற்பவள் முதுகைக் காட்டினால் கொப்பியடிப்பவர்களுக்குக் கொண்டாட்டம்தானே. றஞ்சனி எழுந்து கிட்டப் போனார்.

"நேசமலர், பிள்ளையளைப் பாத்து நில்லும்."

"ஓம், ரீச்சர்."

பத்து நிமிடம் பார்த்து நின்றாள். பிறகு பழையபடி முதுகு.

றஞ்சனி அறிக்கைத் தாளை எடுத்தார். 'நேசமலர்: கடமையில் கவனமில்லை. சொன்னதைக் கேட்பதுமில்லை.' நாலு வருடமாக நிரந்தர நியமனத்துக்குக் காத்திருக்கிறவள். கல்விக் கந்தோரில் இந்த இரண்டு வரி போதும், அவளுடைய பெயர் அடிபட்டுப் போகும். அது தெரிந்ததால் பேனை கொஞ்சம் தயங்கியது. பிறகு முழங்கால் சுள்ளென்று இழுத்தது. தேதியையும் போட்டு முடித்தார்.

பதினொன்றரைக்கு விடைத்தாள்களை வாங்கி எண்ணிக் கட்டியாயிற்று. உறை எடுத்துவர நேசமலர் அதிபரின் அறைக்குப் போனாள். றஞ்சனி அறிக்கையில் கையெழுத்துப் போடப் போன நேரம், சோதனை எழுதிய கமலாசனி வாசலில் வந்து நின்றாள். போன வருடம் கணிதத்தில் மட்டும் தவறி, இரண்டாம் முறை எழுதுகிறவள்.

"இந்த முறை எப்பிடி, பிள்ளை?"

"எல்லாக் கணக்கும் செய்திட்டன், ரீச்சர். நேசமலர் ரீச்சருக்குச் சொல்லிப்போட்டுப் போவமெண்டு வந்தனான்."

"அவாவுக்கு என்னத்துக்கு?"

கமலாசனி வாசலைத் தாண்டி உள்ளே வந்தாள்.

"போன வருசம் நான் கட்டியிருந்தது ஐயான்ர மணிக்கூடு, ரீச்சர். அது பழைய நேரம். பத்தரை எண்டு காட்டிச்சுது. சோதினை அவதியிலை அதை மறந்து, இன்னும் ஒரு மணித்தியாலம் கிடக்கெண்டு ஆறுதலா எழுதிக்கொண்டிருந்தன். அரை மணித்தியாலத்திலை பேப்பரை வாங்கிப்போட்டீங்கள். மூண்டு கணக்கு அப்பிடியே போச்சுது."

"அதுக்கு?"

"நேசமலர் ரீச்சரிட்டைச் சொல்லி அழுதனான். அதுதான் இந்த முறை அவா பெரிய மணிக்கூடாக் கட்டிக்கொண்டு வந்தவா. நாங்கள் பாக்க வேணுமெண்டுதான் கையைப் பின்னாலை கட்டிக்கொண்டு நிண்டவா. கடைசி வரிசைக்கும் தெரிஞ்சுது, ரீச்சர்."

றஞ்சனிக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் லேசில் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"போன வருசம் நானும் மணிக்கூட்டோடைதானே இந்த மண்டபத்திலை நிண்டனான். என்ர கையைப் பாத்திருக்கலாமெல்லோ?"

கமலாசனி தலையைக் குனிந்துகொண்டாள்.

"பாத்தனான், ரீச்சர். உங்கட மணிக்கூடு நல்ல வடிவு. நேரம்தான் தெரியேல்லை."