இன்னொரு தடவை சிரி

“எல்லாம் என் மச்சான் கைவரிசை சார். மெமரி கார்டைத் திருப்பிப் போட்டு அமுக்கியிருக்கான். டூர் முழுக்க ஒரு போட்டோ எடுக்க முடியல!”

கேமராவை நீட்டிப் பொருமினான் கணவன். தம்பியை இப்படித் திட்டியும் மனைவி வாயே திறக்காதது அவனுக்கு அதிசயமாக இருந்தது.

மெக்கானிக் பூதக்கண்ணாடியை வைத்து உள்ளே பார்த்தார். “ரெண்டு பின் மடங்கியிருக்கு. ஒண்ணை நிமித்திட்டேன். இன்னொண்ணுக்கு ஊசி எட்ட மாட்டேங்குது.”

மனைவிக்குப் பொறுமை போயிற்று. கொண்டையிலிருந்து ஹேர்பின்னை உருவி நீட்டினாள்.

“இதை இடது பக்கமா சாய்ச்சு விடுங்க. சட்டுனு எட்டும்.”

“உனக்கு எப்படித் தெரியும்?” என்றான் கணவன்.

நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“ஒரு போட்டோவுக்கு ஒம்பது தடவை சிரி சிரின்னா, நான் வேற என்னதாங்க பண்றது?” என்றவள், யாரும் சொல்லாமலே சிரித்தாள்.