கால் மணி நேரம்

பத்து மணி ஆகிவிட்டது. முந்நூறு பேர் உட்காரக்கூடிய அரங்கில் ஒரே ஒருத்தர்தான் இருந்தார். முன்வரிசையில், சாம்பல் நிறக் கோட்டைக்கூடக் கழற்றாமல், தோல்பையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்த நரைத்த தலை அம்மாள்.

பேராசிரியர்தான் என்று முடிவு செய்துகொண்டாள் யானினா. அப்படியானால் மாணவர்கள் எங்கே? கைப்பேசியில் கால அட்டவணையை மறுபடி பார்த்தாள். அதே கட்டடம், அதே அரங்கு, திங்கட்கிழமை, பத்து மணி. நேரத்துக்குப் பக்கத்தில் இரண்டு சின்ன எழுத்துகள் இருந்தன. அச்சுப்பிழையாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தாள். மடக்கு இருக்கை விழுந்த சத்தம் கூரை வரை போய்த் திரும்பி வந்தது. அந்த அம்மாள் திரும்பி லேசாகத் தலையசைத்துவிட்டு, மறுபடி கதவைப் பார்க்க ஆரம்பித்தார்.

யானினா வீட்டில் பல்கலைக்கழக வாசலை மிதித்தவர் யாரும் கிடையாது. தாத்தா நிலக்கரிச் சுரங்கம், அப்பா லாரி, அம்மா பேக்கரி. படிப்புக்குக் கட்டணமே கிடையாது, பள்ளிப் படிப்பில் தேறினால் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று ஜெர்மனியில் பெருமையாகச் சொல்வார்கள். வரலாம்தான். வந்தபிறகு என்ன செய்வது என்பது மட்டும் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தெரிந்துகொண்டு வர வேண்டிய சமாசாரம். யானினா வீட்டு மேசையில் ஷிப்டு நேரத்தைத்தான் பேசுவார்கள்.

காலையில் கிளம்பும்போது அண்ணன், “டாக்டரம்மா, சாயங்காலம் வர்றப்ப மறக்காம ரொட்டி வாங்கிட்டு வந்துடுங்க” என்றான். அம்மா சிரிக்கவில்லை. பேக்கரியில் ஓர் ஆள் வேலை காலியாக இருக்கிறது, மத்தியானம் வரைக்கும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன், அங்கே ஒத்துவரவில்லை என்றால் வெட்கப்படாமல் வந்துவிடு என்று மட்டும் சொன்னாள்.

இன்னும் யாரும் வரவில்லை. வகுப்பை வேறு இடத்துக்கு மாற்றியிருக்க வேண்டும். முந்நூறு பேருக்குத் தெரிந்த விஷயம் தனக்கு மட்டும் தெரியவில்லை. யாரைக் கேட்பது? பேராசிரியரிடம் போய் இதைக் கேட்டால் முதல் நாளே முட்டாள் பட்டம்தான்.

‘வந்துவிடுகிறேன்’ என்று அம்மாவுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினாள். முன்வரிசையைத் தாண்டும்போது அந்த அம்மாள் அவள் சட்டைக் கையைப் பிடித்தார்.

“எங்கம்மா போற?”

“தப்பான இடத்துக்கு வந்துட்டேன் போல, மேடம். யாருமே வரல.”

“நான் வந்திருக்கேன்ல.”

“நீங்க எப்படியும் வந்துதான ஆகணும்.”

அதைக் கேட்டு அவர் ஒரு மாதிரி சிரித்தார். “ஆமா. நான் வந்துதான் ஆகணும். உக்காரு.”

பத்து மணி என்று போட்டால் பத்தேகாலுக்குத்தான் ஆரம்பிப்பார்கள் என்றார். இந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் அப்படித்தானாம், நூற்றாண்டுக் கணக்கில் வழக்கமாம். அந்த இரண்டு சின்ன எழுத்துகளுக்கு அதுதான் அர்த்தமாம்.

யானினாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “அதை முழுசா எழுதிப் போட்டா என்ன குறைஞ்சுடும்?”

“எழுதித்தான் போட்டிருக்காங்க. லத்தீன்ல.”

கோபத்தை மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. யானினா பக்கத்திலேயே உட்கார்ந்தாள். ‘வரவில்லை. அந்த வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்’ என்று அம்மாவுக்கு எழுதி, கைப்பேசியை அணைத்தாள்.

அந்த அம்மாள் அவள் சட்டைக் கையை இன்னும் விடவில்லை. கதவிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை. முதல் வகுப்பு என்றால் பேராசிரியர்களுக்கும் பயமாகத்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு கதவுகள் திறந்தன. கும்பல் கும்பலாக, காபிக் கோப்பையும் பேச்சுமாக வந்தார்கள். எல்லோரும் ஏற்கெனவே ஒருவரையொருவர் தெரிந்தவர்கள் போல இருந்தார்கள். பின்வரிசைகள் நிரம்பி வழிந்தன. முன்வரிசையில் இவர்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் உட்காரவில்லை.

கடைசியாக சைக்கிள் ஹெல்மெட்டோடு ஓர் ஆள் உள்ளே வந்தார். ஹெல்மெட்டை மேடை மேசையில் வைத்தார், கணினியைச் சொருகினார், ஒலிபெருக்கியில் காலை வணக்கம் சொன்னார்.

அப்போதுதான் அந்த அம்மாள் பிடியை விட்டார். கோட்டைக் கழற்றி மடித்து வைத்தார். பையிலிருந்து புது நோட்டை எடுத்துப் பிரித்தார்.

யானினா குனிந்து கிசுகிசுத்தாள். “மேடம், நீங்க பாடம் எடுக்க வரலையா?”

“நானா? நான் சூப்பர் மார்க்கெட்ல பில்லு போட்டுக்கிட்டு இருந்தவ. மேடமும் வேணாம் ஒண்ணும் வேணாம், மார்லீஸ்னு கூப்பிடு. உன்கூடதான் முதல் வருஷம்.”

“அப்ப இந்தக் கால் மணி நேரக் கதைய உங்களுக்கு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. பில்லுக்கு நின்ன ரெண்டு பசங்க பேசிச் சிரிச்சாங்க, காதுல விழுந்துச்சு. ஆனா அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. போன தடவை வந்தப்ப, உன்ன மாதிரியே, கொஞ்ச நேரம் பாத்துட்டு எந்திரிச்சுப் போயிட்டேன்.”

“போன தடவைன்னா, போன வருஷமா?”

மார்லீஸ் பேனா மூடியைக் கழற்றினார்.

“எண்பத்தி நாலுல.”